துண்டுக்கடியில் ஒரு பாஷை

ஆத்தா, இப்படித் திண்ணையில வந்து ஒக்காரு. அந்தப் புஸ்தகத்தைக் கீழ வெக்க வேணாம், மடியிலேயே கெடக்கட்டும். அது இல்லேன்னா உனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு வாரமா நடுச்சாமம் வரைக்கும் "டாக்கிகார்டியா, பிராடிகார்டியா"ன்னு நீ உருப்போடுறதைக் கேட்டு உங்க அப்பாயி என்ன பண்ணுச்சு தெரியுமா? பிள்ளை அம்மனுக்கு ஏதோ மந்திரம் சொல்லுதுன்னு நெனச்சு, படுத்த வாக்குல கன்னத்துல போட்டுக்கிச்சு. நான்தான் சொன்னேன்: "அடியே, அது மந்திரமில்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சா ஒன்னு, மசமசன்னு அடிச்சா இன்னொன்னு." அதுக்கு உங்க அப்பாயி, "இதைத் தெரிஞ்சுக்கவா திருச்சிக்குப் பஸ் ஏறுது?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு.

நீ பல் ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டாக்டருக்குக் கூடமாட நிக்கிறவ. ஊர்ல கேக்குறவங்ககிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன்னா, "எம் பேத்தியும் என் தொழிலுக்கே வந்துட்டா." மொறைக்காத. நாப்பது வருசம் மணப்பாறைச் சந்தையில மாட்டு வாயைப் பொளந்து பல்லைப் பாத்தவன் நான். நீ மனுச வாயைப் பாக்குற. வித்தியாசம் ஒன்னுதான். மாடு என்னைக் கடிச்சதில்ல.

மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கெடையாது, தெரியுமில்ல? மேல தடிச்ச ஈறு, கீழதான் எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பெரிய பல் வந்தா ரெண்டு வயசுச் சொச்சம். அப்புறம் நாலு, ஆறு, எட்டு. எட்டும் வந்துட்டா பல்லு சேர்ந்துருச்சும்போம். அதுக்கு மேல தேய்மானத்தை வெச்சுத்தான் வயசு. விக்கிறவன் கற்பூரம் அடிச்சு நாலு வயசும்பான். மாடு வாயைத் தொறந்து இல்லேன்னுடும். வாயைத் தொறந்தா நெசம் வர்ற சீவன் அது ஒன்னுதான். மனுசன் வாயைத் தொறந்தா என்ன வரும்னு பின்னால சொல்றேன்.

இப்ப வெலை பேசுறதுக்கு வா. துண்டைப் போட்டுக் கையை மூடிக்கிட்டு விரலைப் புடிப்போம். சுத்தி நூறு பேர் நிப்பான், ஒருத்தனுக்கும் வெளங்காது. எங்களுக்குள்ள மட்டும் கணக்கு சுத்தமா ஓடும். உன் புஸ்தகத்துல இருக்குறதும் அதேதான் தாயி. உங்காளுக கிரேக்கத்தையும் லத்தீனையும் துண்டாப் போட்டு மூடியிருக்காங்க. துண்டுக்குள்ள ஒருத்தன் விரலை ஒருத்தன் புடிச்சுக்கிட்டா ஒலகத்துல எந்த ஊரு டாக்டருக்கும் கணக்கு ஒன்னு. அமெரிக்காவுல இந்த வேலைக்குன்னு வாய் அறுவை டாக்டருங்க சங்கம் தனிப் பரீட்சையே வெக்கிதுன்னு நீதானே சொன்ன? வெக்கட்டும். தரகனுக்கு அந்தப் பரீட்சை இருந்திருந்தா நான் ஒருத்தன்தான் பாஸ்.

நீ ஏன் திண்டாடுறேன்னு எனக்குத் தெரியும். முழுசா முழுங்கப் பாக்குற. மாடே முழுங்கினதைத் திருப்பி வாய்க்குக் கொண்டாந்து அசை போடுது. எங்க தமிழய்யா எட்டாவதுல பெரம்பை வெச்சுக்கிட்டு பகுபத உறுப்பு சொல்லிக் குடுத்தார். நடந்தனன்: நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி. நடந்தவன் போயி ஊரே சேர்ந்திருப்பான், நாங்க இன்னும் அவனைப் பிரிச்சுக்கிட்டிருந்தோம். அந்தப் பெரம்படி இப்ப உனக்கு ஒதவுது பாரு. உன் சொல்லையும் அப்படிப் பிரி. நடுவுல நிக்கிறது எந்த உறுப்புன்னு சொல்லும். வாலு அதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லும். நடுவுல ஒரு "ஓ" ஒட்டிக்கிட்டு வருதே, அது சாரியை. கேஸ்ட்ரோஸ்கோப்புன்னா ஓ இருக்கு. கேஸ்ட்ரைட்டிஸ்னா ஓ எங்க? உயிரெழுத்து வந்ததும் ஓடிருச்சு. காற்று, அடித்தது, சேர்த்தா காற்றடித்தது. உகரம் ஓடலையா? ஓடுறதுல கிரேக்கன் ஓவும் நம்ம குற்றியலுகரமும் ஒரே சந்தைக் காளைதான்.

வால்ல மொதல்ல ஐட்டிஸைப் புடி. வீங்கிச் செவந்து எரிஞ்சா ஐட்டிஸ். ஜிஞ்சிவான்னா ஈறு, அதனால ஜிஞ்சிவைட்டிஸ். பல்லுக்குள்ள இருக்குற கூழு எரிஞ்சா பல்ப்பைட்டிஸ். ஞானப்பல் பாதி மொளைச்சு, மீதிக்கு ஈறு குல்லா போட்டு, அந்தக் குல்லாவுக்குள்ள சோத்துப் பருக்கை போயி அழுகுதே, அது பெரிகொரனைட்டிஸ். பெரின்னா சுத்தி, கொரோனான்னா கிரீடம். பல்லோட கிரீடத்தைச் சுத்தி எரியுதாம். ராசா வலி வலிக்குதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அடுத்தது மூணு அக்கா தங்கச்சி. ஒட்டமி, எக்டமி, ஒஸ்டமி. இதுல நீ நேத்து மூணு தரம் தடுக்கி விழுந்த. நம்ம வாய்க்காலை நெனச்சுக்க. கரையை வெட்டித் தொறந்தா ஒட்டமி. கரையில கொஞ்சத்தை வெட்டி அள்ளிக்கிட்டுப் போயிட்டா எக்டமி. வெட்டின எடத்துல மடை வெச்சு வாசலாவே விட்டுட்டா ஒஸ்டமி. மூச்சுக்குழாயை வெட்டித் தொறந்தா ட்ரேக்கியாட்டமி, வாசலா வெச்சா ட்ரேக்கியாஸ்டமி, ஈறை வெட்டி எடுத்தா ஜிஞ்சிவெக்டமி. மண்வெட்டி புடிச்ச எவனும் இதுல தப்பு பண்ண மாட்டான். நீ செல்போன் புடிச்சவ, உனக்குக் கொஞ்சம் சிரமந்தான்.

வால் ஆச்சு, இனி தலை. இங்கதான் நம்மளுக்கும் அவனுக்கும் வழக்கு. நாம எதுன்னு சொல்லிட்டுக் கடைசியா இல்லேங்கிறோம். காசு இல்ல, மழை இல்ல, மாப்பிள்ளைக்கு வேலை இல்ல. கிரேக்கன் இல்லேன்னு சொல்லிட்டுத்தான் வாயையே தொறக்குறான். அன் எஸ்தீசியா: உணர்வு இல்ல. அன் அல்ஜீசியா: வலி இல்ல. ரெண்டும் ஒன்னாம்பான் ஒருத்தன், நம்பாத. வலி மட்டும் போயி, தொட்டா தொட்டது தெரிஞ்சா அனல்ஜீசியா. ஒரு உணர்வும் தெரியாமப் போனா அனஸ்தீசியா. அப்னியான்னா மூச்சே இல்ல, டிஸ்ப்னியான்னா மூச்சு இருக்கு, திண்டாடுது. டாக்கின்னா ரேக்ளாக் காளை, பிராடின்னா வெயில்ல ஏர் இழுக்குற கெழட்டு மாடு. பெரியவங்களுக்கு நெஞ்சு நிமிசத்துக்கு 60-லேருந்து 100 தரம் அடிக்கணும். கூடினா டாக்கிகார்டியா, கொறைஞ்சா பிராடிகார்டியா.

இப்ப பாரு ஆபத்து எங்க இருக்குன்னு. தமிழன் காது சொல்லோட வாலைத்தான் கவனிக்கும், ஏன்னா நம்ம இல்லையும் உண்டும் வால்ல இருக்கு. அவன் விசயம் தலையில இருக்கு. எச்சில் உறிஞ்சுற மெசினு கொர்ருன்னு எரையும். டாக்டரு மூஞ்சியில மாஸ்க்கு. அவரு ஹைப்போடென்ஷன்னு சொன்னாரா, ஹைப்பர்டென்ஷன்னு சொன்னாரா? ஒன்னு ரத்த அழுத்தம் எறங்கிப்போச்சு, இன்னொன்னு ஏறிப்போச்சு. ஒரு "ப்போ"வுக்கும் ஒரு "ப்ப"வுக்கும் நடுவுல ஒரு உசிரு தொங்குது. அதனால கேட்டதைத் திருப்பிச் சொல்லு. "அழுத்தம் எறங்கியிருக்கு, 80-க்கு 50, சரிதானே டாக்டர்?" நம்பரோட சொல்லு. அவரு எரிஞ்சு விழுந்தா விழட்டும். துண்டுக்குள்ள விரலை ரெண்டாந்தரம் அழுத்திக் கேக்காத தரகன் வீட்டுக்கு வெறுங்கையோடதான் வருவான்.

விரல்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு விரலைப் புடிச்சா ஒன்னு. அது நூறா ஆயிரமாங்கிறதை வாயி சொல்லணும். அதை மறந்த ஒருத்தன் ஒரு காளையை ஆட்டு வெலைக்குக் குடுத்துட்டு, சந்தைக்கு வர்றதையே விட்டுட்டான். உன் தொழில்ல அந்த எடம் மில்லி. நம்மூர்ல மில்லின்னா ஒரே அர்த்தம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வர்றது. உன் ஆஸ்பத்திரியில மில்லின்னா மில்லிலிட்டரா, மில்லிகிராமா? லிக்னோகெய்ன் 2 சதவீதம்னு பாட்டில்ல எழுதியிருந்தா, ஒரு மில்லிலிட்டருக்குள்ள 20 மில்லிகிராம் மருந்து. "ரெண்டு மில்லி"ன்னு ஒருத்தன் மொட்டையாச் சொன்னா அது 40 மில்லிகிராமா, வெறும் 2 மில்லிகிராமா? மைக்ரோகிராம்னு ஒன்னு வருதே, அது மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு. கூடவே கலந்து வர்ற அட்ரினலின் 80,000-த்துக்கு ஒன்னுன்னா, மில்லிலிட்டருக்கு 12.5 மைக்ரோகிராம்தான். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அந்த எடத்துலேயே கட்டிப்போட அந்தத் துளி போதும். அவ்வளவு சின்னதுக்கே சில பேருக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு தடதடங்குது. நெஞ்சு வியாதிக்காரங்களுக்கு அளவு பாத்துத்தான் போடணும்னு டாக்டரு சொல்றது அதுக்குத்தான். மில்லிக்குப் பின்னால என்னன்னு முழுசாச் சொல்லாதவன்கிட்ட மருந்து வாங்காத.

அதே அட்ரினலினுக்கு அமெரிக்காவுல எபிநெஃப்ரின்னு பேரு. நான் ரெண்டு மருந்துன்னுல்ல நெனச்சேன்! லத்தீன்காரன் சிறுநீரகத்துக்குப் பக்கத்துலன்னு பேரு வெச்சான், கிரேக்கன் சிறுநீரகத்துக்கு மேலன்னு வெச்சான். அதைச் சுரக்குற சுரப்பி சிறுநீரகத்துத் தலையில உக்காந்திருக்கு, ரெண்டு பேரும் அதைத்தான் சொல்றான். லிக்னோகெய்னும் லிடோகெய்னும் அப்படித்தான், ஒரே மருந்துக்கு ரெண்டு பேரு. நம்ம சின்னச்சாமிக்கு ரேசன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு இல்லையா? ஆளு ஒன்னு, கடன் மட்டும் ரெண்டு.

சரி, இந்த அனஸ்தீசியாங்கிற பேரே எப்ப வந்துச்சு? நீ நேத்துப் படிச்ச கதையைத்தான் திருப்பிச் சொல்றேன், நெலமையைப் பாரு. 1844 டிசம்பர், அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுன்னு ஊரு. சிரிப்பு வாயு வேடிக்கை நடக்குது. வாயுவை மோந்த ஒருத்தன் ஆடி, குதிச்சு, கால்ல அடிபட்டு ரத்தம் ஒழுக நிக்கிறான். வலிக்கலையாம். கூட்டமே சிரிச்சுது. பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ் ஒருத்தர்தான் சிரிக்காம அவன் காலைப் பாத்தார். மறுநாளே வாயுவை மோந்துட்டுத் தன் பல்லையே புடுங்கிக்கிட்டார். சோதனைக்கு மாட்டைத் தேடலை பாரு, அதுக்கே அந்த மனுசனுக்கு ஒரு மாலை போடலாம். அடுத்த மாசம் பாஸ்டன்ல பெரிய டாக்டருங்க முன்னால செஞ்சு காட்டினார். வாயு பத்தலை. பல்லைப் புடுங்கும்போது ஆளு கத்திட்டான். எல்லாரும் ஏமாத்துக்காரன்னு சிரிச்சுட்டாங்க. வெல்ஸ் மனசொடிஞ்சு 1848-ல 33 வயசுல செத்தார். நடுவுல, அவருகிட்டப் படிச்ச இன்னொரு பல் டாக்டர் வில்லியம் மார்ட்டன், அதே பாஸ்டன்ல 1846 அக்டோபர் 16-ஆம் தேதி ஈதரை மோக்க வெச்சு ஜெயிச்சுட்டார். அதுக்கப்புறம் நவம்பர்லதான் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் "இதுக்கு அனஸ்தீசியான்னு பேரு வெக்கலாம்"னு மார்ட்டனுக்குக் கடுதாசி போட்டார். புள்ளை பொறந்து தவழ ஆரம்பிச்சப்புறம் பேர் சூட்டு விழா. ரெண்டு பேரும் பல் டாக்டருங்க. வெல்ஸைக் கவுத்தது எவ்வளவு, எவ்வளவு நேரம்ங்கிற கணக்கு. இனிமே நேரத்தையும் அளவையும் குறிக்கச் சொன்னா அலுத்துக்காத, வெல்ஸை நெனச்சுக்க.

இப்ப நான் மறந்துட்டேன்னு நெனச்சியே, மனுசன் வாயைத் தொறந்தா என்ன வரும்னு. பொய்தான் வரும். வேணும்னு சொல்ற பொய்யில்ல, வெவரந்தெரியாத பொய். சீட்டுல நீங்க என்பிஓன்னு எழுதுறீங்க. வாய் வழியா ஒன்னும் வேணாம்னு லத்தீன். முழு மயக்கமோ, ஆளைச் சொக்க வெக்கிற மருந்தோ குடுக்குறதா இருந்தா, வெறும் தண்ணி ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால நிறுத்தணும், லேசான பலகாரம்னா ஆறு மணி நேரம், கறியும் எண்ணெயுமாத் தின்னா எட்டு. நீ போயி "சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குற. "இல்லம்மா, சாப்பிடலை"ங்கிறான். நெசந்தான், நம்மூர்ல சாப்பாடுன்னா சோறு. நாலு இட்லி உள்ள போயிருக்கும், அது டிபனு. டீ குடிச்சிருப்பான், அது கணக்குலயே வராது. பால் ஊத்தின டீ தண்ணியில்ல தாயி, அதுக்கும் ஆறு மணி நேரம். அதனால இப்படிக் கேளு: "காலையில கண்ணு முழிச்சதுலேருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?" வெத்தலை வரைக்கும் வந்து விழும். அப்புறம் ஒன்னு, வெறும் மரப்பு ஊசி மட்டும் போட்டுப் பல்லு புடுங்குறதுக்குப் பட்டினி வேணாம். அங்க வெறும் வயித்தோட வந்தாத்தான் வம்பு, ஊசியைப் பாத்ததும் பொத்துன்னு சாஞ்சிடுவான்.

சாயிறதுக்கு உங்க பேரு சின்கோபி. வெட்டிக் கொறைக்கிறதுன்னு கிரேக்கத்துல அர்த்தமாம். சொல்லுக்கு நடுவுல எழுத்து விழுந்தாலும் இலக்கணக்காரங்க அதைச் சின்கோபின்னே சொல்றாங்கன்னு உன் புஸ்தகத்து ஓரத்துல பாத்தேன். எங்க தமிழய்யா அதுக்கு இடைக்குறைம்பார். ஓந்தி நடுவுல ந் விழுந்து ஓதி ஆகும். மனுசன் நடுவுல நெனவு விழுந்து நாற்காலியில சாய்வான். மல்லாக்கப் படுக்க வெச்சுக் காலைத் தூக்கிப் புடி, விழுந்த எழுத்து தன்னால வந்து சேரும். வரலேன்னா அது இடைக்குறை இல்ல, கூப்பாடு போடு.

இன்னொரு சொல்லு, ஆஸ்பிரேஷன். இது ரெட்டைச் சுழி மாடு, ஜாக்கிரதை. டாக்டரு மருந்தைச் செலுத்துறதுக்கு முன்னால ஊசியைக் கொஞ்சம் பின்னால இழுத்து ரத்தம் வருதான்னு பாத்தா, அது ஆஸ்பிரேஷன், நல்ல காரியம். மயக்கத்துல வயித்துல இருந்த இட்லி மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா, அதுவும் ஆஸ்பிரேஷன், உசிருக்கே வம்பு. ஒரு சொல்லு ரெண்டு ஆளுன்னா, எந்த ஆளுன்னு கேட்டுட்டுத்தான் கதவைத் தொறக்கணும்.

உன் புஸ்தகத்துலயே எனக்குப் புடிச்ச சொல்லு கேப்னோகிராஃபி. கேப்னோஸ்னா கிரேக்கத்துல புகைன்னு நீ சொன்னதும், நான் பீடியை அணைச்சுட்டு நிமிர்ந்து ஒக்காந்தேனே, ஞாபகமிருக்கா? நோயாளி விடுற மூச்சுல கரியமில வாயு எவ்வளவுன்னு மலை மலையாக் கோடு போட்டுக் காட்டுதாம். விரல்ல மாட்டுற மெசினு ரத்தத்துல ஆக்சிஜனைக் காட்டும், 95-க்கு மேல இருந்தா நிம்மதி. ஆனா மூச்சு நின்ன கொஞ்ச நேரத்துக்கு அது 98-னே காட்டிக்கிட்டிருக்கும், கூட ஆக்சிஜன் போய்க்கிட்டிருந்தா இன்னும் சாவகாசமாத்தான் எறங்கும். கஞ்சிப்பானையில மிச்சம் இருக்குற வரைக்கும் வீட்டுல பட்டினின்னு ஊருக்குத் தெரியாதில்ல, அப்படி. கூரை மேல புகை வரலேன்னா அடுப்பு எரியலைன்னு அந்த நிமிசமே தெரிஞ்சிரும். எங்க காலத்துல தனியா இருக்குற கெழவி வீட்டுல புகை காணோம்னா, போயிக் கதவைத் தட்டுவோம். நீயும் தட்டு. கோடு படுத்துருச்சுன்னா "அப்னியா"ன்னு மொனகிக்கிட்டு நிக்காத. "மூச்சு இல்ல டாக்டர்!"னு கத்து. கிரேக்கத்தை அப்புறம் சீட்டுல எழுதிக்கலாம்.

என்ன சிரிக்கிற? நாளைக்கு என் வாயைப் பொளக்கப் போறதால இத்தனை புத்தி சொல்றேன்னு பாக்குறியா? பயமெல்லாம் இல்ல. கொஞ்சம் நெஞ்சு டாக்கி, அவ்வளவுதான். சீட்டுல எனக்கு ஏஎஸ்ஏ ரெண்டுன்னு எழுதியிருக்கியாமே? ஒடம்புல ஒரு வியாதியும் இல்லாதவன் ஒன்னு, சர்க்கரையும் அழுத்தமும் மாத்திரைக்கு அடங்கி நடக்குறவன் ரெண்டு, அடங்காதவன் மூணு. பீடிக்கும் சேத்து ரெண்டா, இல்ல பேத்திங்கிறதால தள்ளுபடியா? மாட்டுல ஆறு பல்லுன்னா நல்ல வெலைக்குப் போற வயசு. உங்க கணக்குல ஆறுன்னா மூளை செத்து, மத்தவங்களுக்கு உறுப்பு குடுத்துட்டுப் போற புண்ணியவான். சந்தையில வந்து இந்த நம்பரையெல்லாம் சொல்லிடாத.

நாளைக்கு நாற்காலியில நான் வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடக்கும்போது நீயும் டாக்டரும் துண்டுக்குள்ள எந்த விரலை வேணும்னாலும் புடிச்சுக்குங்க. துண்டை வெலக்கிட்டு எங்கிட்ட வரும்போது மட்டும் தமிழ்ல சொல்லு. "தாத்தா, சுருக்குன்னு இருக்கும், ஒதடு தடிச்ச மாதிரி தெரியும், மரப்பு போற வரைக்கும் கடிச்சுக்காதீங்க." இது போதும். நான் மாட்டுக்காரன்கிட்ட துண்டு பாஷை பேசி ஏமாத்தினது உண்டு, ஒத்துக்குறேன். நீ அந்தப் பாவத்தைச் செய்யாத.

உங்க அப்பாயிக்கு எடென்டுலஸ்னு எழுதிக் குடுத்தியே, பல்லே இல்லேன்னு அர்த்தமாமே. அது ஏதோ பட்டம்னு நெனச்சுத் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது, இன்னும் நான் ஒடைக்கலை. எனக்கும் மிச்சம் இருக்குறது இந்த ஒன்னுதான். இதையும் நாளைக்கு எடுத்துட்டா நல்லதுதான் ஆத்தா. அப்புறம் எந்தத் தரகன் வந்து என் வாயைப் பொளந்தாலும், வயசு மட்டும் சொல்ல முடியாது.